பள்ளிக்கு வரும் மருத்துவ வண்டியில் இந்தக் கேள்வியும் வரட்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் மிளகாய் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. என் மகன் நான்காம் வகுப்புப் படிக்கும்போது ஒரு சாயங்காலம், "அம்மா, களத்துல நிக்கிற அந்த அக்கா யாரு?" என்று கேட்டான். களத்தில் காயப்போட்ட வத்தலைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டான். பயத்தில் வாயிலேயே ஓர் அடி வைத்துவிட்டேன். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சரி, நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறான். இரண்டு மாதம் என் பிள்ளை தனியாக அதைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வகுப்பில் ஒருநாள் வெற்றுச் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறான். அவனுடைய ஆசிரியை அக்கறையுள்ளவர்; அவரும் "எங்கேயாவது மந்திரிச்சுப் பாருங்க" என்றுதான் சொன்னார். கோடாங்கியிடம் போனோம். மூன்று செவ்வாய்க்கிழமை உடுக்கை, வேப்பிலை, திருநீறு. முனி அடித்திருக்கிறது என்றார். அடுத்து சொந்தக்காரர்கள், மனநோய் தீரும் என்று சனங்கள் போகிற ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நாள் தங்க வை என்றார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சங்கிலி கண்ணில் வந்து நின்றது. மறுநாள் காலையில் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே டாக்டர் என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார். அந்த அக்கா பேசுவாங்களா? எதையாவது செய்யச் சொல்வாங்களா? எவ்வளவு நேரம் இருப்பாங்க? அவங்க வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா? அவன் உடனே, "கலர் கலரா சின்ன வட்டம் வரும். அப்புறம் அவங்க வருவாங்க. அப்புறம் தலை வலிக்கும்" என்றான். அந்த வட்டங்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவருமே அவனிடம் கேட்டிருக்கவில்லை. மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவுசெய்கிற ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான இடத்தில் தொடங்கும் ஒருவகை வலிப்பு. வலிப்பு என்றால் கைகால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும் என்றுதான் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு வட்டம் தெரிவதும் ஆள் தெரிவதும் வலிப்பாக இருக்கலாம் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவாக இருக்காது என்றும் அவர் சொன்னார். சின்னப் பிள்ளைகள் கற்பனைத் தோழனோடு பேசுவது இயல்பு. கடும் காய்ச்சலில் இல்லாதது தெரியும். தூக்கம் பிடிக்கும் நேரத்திலும், வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகும் தெரியலாம். நான் பயந்த, இல்லாதது தெரிகிற, கேட்கிற மனச்சிதைவு நோய் 13 வயதுக்குள் வருவது மிக அரிது. ஆனால் எது என்று பிரித்துச் சொல்ல, கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரை எங்கள் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. உங்களால் முடியும். இன்று அதே ஏர்வாடி தர்காவில், துவா என்கிற பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவர்கள் மருந்தும் கொடுக்கிறார்கள். போகாதே என்று சனங்களிடம் சொல்லாமல், அவர்கள் போகிற இடத்துக்கே மருத்துவர் போனார். பிள்ளைகள் போகிற இடம் பள்ளிக்கூடம். அங்கே வண்டியில் வரும் மருத்துவக் குழு பல், கண், ரத்தசோகை எல்லாம் பார்க்கிறது. "மற்றவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதா, கேட்குதா?" என்று அந்தக் குழு தனியாக, மெதுவாகக் கேட்கட்டும். ஆமாம் என்கிற பிள்ளையை எந்த ஆஸ்பத்திரிக்கு, என்ன கிழமையில் கூட்டிப்போவது என்று தாயின் கையில் எழுதிக் கொடுக்கட்டும். சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதும் இடத்தில், இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம் என்கிற மனநல உதவி எண் 14416-ஐயும் எழுதுங்கள். ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுங்கள். பிள்ளை சொன்னால் அடிக்காதே, கேலி செய்யாதே, வெளியில் பரப்பாதே என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். எனக்கு அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. மாத்திரை சாப்பிடுகிறான். போன மாதம் ஒருமுறை வட்டம் வந்தது. ஓடிவந்து என்னிடம்தான் சொன்னான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ராமநாதபுரம் மாவட்டம்