ஆண்டறிக்கை: அளப்பவர்களும் எழுதுபவர்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதில் நான் கை வைக்கவில்லை.

இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், கம்பியில்லாத் தொலைத்தொடர்பில் பணிவாழ்க்கை. முதல் கூட்டத்திலேயே பழைய சண்டை வந்துவிட்டது: பொறியாளர் பெரியவரா, ஆவணம் எழுதுபவர் பெரியவரா? கடைசிக் கூட்டம்வரை அது ஓயவில்லை.

அதிகம் அடிபட்ட பெயர்கள் ஜப்பானியப் பொறியாளர்களான ஒகுமுராவும் ஹாட்டாவும். தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று ஒகுமுரா குழுவினர் டோக்கியோ பகுதியில் அளந்து, 1968இல் வளைகோடுகளாக வெளியிட்டார்கள். அருமையான உழைப்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வரைபடத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பை எடுக்க வேண்டும். 1980இல் ஹாட்டா அவற்றைச் சூத்திரமாக்கினார். அதிர்வெண் 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ், தூரம் 1 முதல் 20 கிலோமீட்டர் என்று அது செல்லும் எல்லையையும் கூடவே சொன்னார். அப்புறம் கால்குலேட்டர் இருந்தாலே போதும் என்றாகிவிட்டது. அளவீடு ஒகுமுராவுடையது, அது ஊரெல்லாம் புழங்கியது ஹாட்டா எழுதிய விதத்தால். இதைச் சொன்னதற்கு மூத்த பொறியாளர் ஒருவர் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

பொறியியல், எழுத்து இரண்டையும் செய்தவர்களும் உண்டு. இர்வின் ஜேக்கப்ஸ் 1965இல் வோசன்கிராஃப்டுடன் சேர்ந்து தகவல்தொடர்புப் பாடநூல் எழுதியவர். 1985இல் கைபேசித் தொழில்நுட்ப நிறுவனமான குவால்காமைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆங்கிலேயரான ஹெவிசைடு 1874இல் தந்தி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதினார். மின்காந்தத்தை விளக்கும் மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் இன்று நாம் படிக்கும் நான்காகச் சுருங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு.

பயிற்சி வகுப்பில் நடந்த ஒன்றையும் பதிவு செய்கிறேன். ஒரு கையேட்டு வரைவில் சிக்னலை அனுப்பும் மின்திறன் "43 டிபி" என்று மட்டும் இருந்தது. நான் உட்பட மூன்று பொறியாளர்கள் படித்தோம்; யாருக்கும் உறைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த எழுத்தாளர், பொறியியல் படிக்காதவர், "எதோடு ஒப்பிட்டு 43?" என்று கேட்டார். டிபி (டெசிபெல்) ஒப்பிட்டுச் சொல்லும் அளவுதான். ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிடும் டிபிஎம்மில் 43 என்றால் 20 வாட். ஒரு வாட்டோடு ஒப்பிடும் டிபிடபிள்யூ என்று எடுத்துக்கொண்டால் 20 கிலோவாட். ஆயிரம் மடங்கு! அன்று தேநீர் இடைவேளையில் நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை.

'வேண்டும்', 'செய்வது நல்லது', 'செய்யலாம்' என்று தரநிலை ஆவணங்களில் வரும் சொற்களுக்கு ஒரு கூட்டம் முழுவதும் போனது. 'வேண்டும்' என்றிருந்தால் கருவி செய்பவருக்குத் தப்பிக்க வழியில்லை. 'செய்யலாம்' என்றால் அவர் விட்டுவிடலாம்.

ஒரு குறை. வேலை முடிந்து கடைசி வாரத்தில்தான் எழுத்தாளரைக் கூப்பிடுகிறோம். தாமதமானால் பழியும் அவர் தலையில். சரி, வரும் ஆண்டில் வடிவமைப்பு தொடங்கும் நாளிலேயே அவர்களை உட்கார வைப்பது என்று செயற்குழு பரிந்துரைத்துள்ளது. அந்தத் தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் அவை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்