1000 மி.கி. எலக்ட்ரோலைட்டில் சோடியம் எவ்வளவு? – ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: எலக்ட்ரோலைட் மாத்திரை – உறையில் தவறான வழிகாட்டல் – அதைப் பின்பற்றியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது – நடவடிக்கை கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் உங்கள் எலுமிச்சைச் சுவை எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகள்) மாத்திரையை எங்கள் சைக்கிள் குழுவில் பலர் வாங்குகிறோம். 20 மாத்திரை டியூப் 320 ரூபாய். சுவையில் குறையில்லை, டெலிவரியும் சரியாகத்தான் வருகிறது. என் புகார் உறையில் நீங்கள் அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளைப் பற்றியது. முன்பக்கம் கொட்டை எழுத்தில் "1000 மி.கி. எலக்ட்ரோலைட்". பின்பக்கம், "தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 400 மி.லி. குடியுங்கள்".

இந்த இரண்டாவது வரியை என் தம்பி அப்படியே நம்பினான். கத்திரி வெயிலில் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குக் குழுவாகப் போனபோது, போனில் 20 நிமிட அலாரம் வைத்துக்கொண்டு, தாகம் இருந்ததோ இல்லையோ, ஒவ்வொரு முறையும் மாத்திரை கலந்த தண்ணீரைக் குடித்தான். கணக்குப் போட்டால் மணிக்கு 1.2 லிட்டர். ஒல்லியான உடம்பு, நிதானமாக மிதிப்பவன். அவனுக்கு அவ்வளவு வியர்க்காது.

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி வாந்தி எடுத்தான். தலை பிளக்கிறது என்றான். கையுறையைக் கழற்றிப் பார்த்தால் விரல்கள் உப்பியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்து, திருப்பினாலும் அசையவில்லை. கூட வந்தவர் ஒருவர், வெயிலில் உடம்பு வற்றிவிட்டது என்று நினைத்தார். உங்கள் உறையில்தான் "சோர்வா? இன்னொன்று போடுங்கள்" என்று இருக்கிறதே! இன்னொரு பாட்டில் கலந்து அதையும் குடிக்க வைத்தார். கொஞ்ச நேரத்தில் தம்பிக்குப் பேச்சு குழறியது.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது எடையை. காலையில் வீட்டில் 62 கிலோ காட்டியவன் அங்கே 63.5 கிலோ. நாள் முழுக்க வெயிலில் மிதித்தவனுக்கு எடை ஏறியிருக்கிறது என்றதுமே அவர் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லிவிட்டார். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போகக் கூடாது (ஒரு மில்லிமோல் சோடியம் என்பது சுமார் 23 மி.கி.). இவனுக்கு 127. தண்ணீரை நிறுத்திவிட்டு 3 சதவீத உப்பு நீர் 100 மி.லி. ஏற்றினார்கள். இரவுக்குள் தெளிந்தான். இதற்கு ஹைப்போநெட்ரீமியா என்று பெயர், தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது என்று டாக்டர் விளக்கினார். சோடியம் இன்னும் இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும், உயிரும் போகும்.

மறுநாள் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். "சார், எலக்ட்ரோலைட் போட்டுத்தானே குடிச்சிருக்காரு, அப்புறம் எப்படி சார் சோடியம் குறையும்? நம்ம ப்ராடக்ட்ல ப்ராப்ளம் இருக்காது சார்" என்றார் எடுத்தவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் உறையைப் படிக்கும் எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன், உங்கள் தயாரிப்புப் பிரிவுக்கும் இதைக் காட்டுங்கள்.

பின்பக்கப் பொடி எழுத்தின்படி ஒரு மாத்திரையில் சோடியம் 120 மி.கி. அதை 500 மி.லி. தண்ணீரில் கலக்கச் சொல்கிறீர்கள். ஆக லிட்டருக்கு 240 மி.கி. வியர்வையில் போகும் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு லிட்டருக்கு 500 மி.கி.கூட இருக்காது, கறுப்பு ஜெர்சியில் வெள்ளைக் கோடு கோடாக உப்புப் படிகிறவர்களுக்கு 1500-ஐத் தாண்டும். பொதுவாக ஒரு கிராமை ஒட்டி என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் பானத்தில் இருப்பது அதில் கால்வாசி. உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சுமார் 1700 மி.கி. சோடியம் உண்டு. அது வயிற்றுப்போக்குக்கானது, சைக்கிளில் போகிறவன் அதைத்தான் குடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சென்ற வருடம்வரை உங்கள் டியூபின் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். இருந்தது. அந்த ஃபார்முலாப்படி இல்லாத பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் இருக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உத்தரவு போட்ட பிறகு பெயர் மாறியது. உள்ளே சரக்கு மாறவில்லை, பழைய டியூபையும் புதிய டியூபையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அப்படியானால் முன்பக்கத்து 1000 மி.கி. எங்கிருந்து வந்தது? சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியம் என்று எல்லாச் சேர்மங்களின் முழு எடையையும் கூட்டி எழுதியிருக்கிறீர்கள். சோடியம் பைகார்பனேட்டில் சோடியம் 27 சதவீதம்தான், மீதி நுரைப்பதற்கு. மாத்திரையில் இருக்கும் சோடியம் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பில் கிடைத்துவிடும். 16 ரூபாய்க்கு ஒரு சிட்டிகை உப்பு! வழியில் நீர்மோர் விற்கும் அம்மா அதைவிடத் தாராளமாகப் போடுகிறார்.

இதை வைத்து, சோடியத்தைக் கூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. தம்பியை விழவைத்தது முக்கியமாக அந்த 20 நிமிட வரிதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே இருந்தது. 2005-ல் வெளியான அந்த ஆய்வில் இதோடு அழுத்தமாகத் தொடர்புபட்டிருந்தது ஓட்டத்தின்போது எடை கூடியதுதான். வெறும் தண்ணீர் குடித்தார்களா, ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்தார்களா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. காரணம் எளிது. ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் சோடியம் இருக்கிறது. கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் சுமார் 20, உங்கள் பாட்டிலில் 10. வியர்வையிலும் சிறுநீரிலும் போவதைவிட அதிகமாக இதைக் குடித்துக்கொண்டே போனால், மாத்திரை போட்டிருந்தாலும் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். அதனால்தான் இதைப் பற்றி எழுதும் விளையாட்டு மருத்துவர்கள் தாகம் எடுக்கும்போது குடியுங்கள் என்கிறார்கள். நீங்கள் தாகத்தைக் கேட்காதே என்கிறீர்கள். அதிகம் குடித்தால் அதிகம் மாத்திரை தீரும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

"தசைப்பிடிப்புக்கு முற்றுப்புள்ளி" என்ற விளம்பரத்தையும் விட்டுவிட முடியாது. ஓட்டத்தில் வரும் கெண்டைக்கால் பிடிப்புக்கு உப்பு இழப்புதான் காரணம் என்பதே உறுதியாகவில்லை, தசைச் சோர்வுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உறுதியாகாத ஒன்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தே விட்டீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 20 நிமிட வரியையும் "சோர்வா?" வரியையும் உடனே எடுங்கள், கடைகளில் இருக்கும் டியூபுக்கு ஸ்டிக்கர் ஒட்டியாவது. மாத்திரைக்கு எத்தனை மி.கி. சோடியம், எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பதை முன்பக்கத்திலேயே படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். வாந்தி, தலைவலி, விரல் வீக்கம், எடை கூடுதல் இருந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகவும் என்று ஒரு வரி சேருங்கள். கையிலிருக்கும் டியூபுகளுக்கு ரீஃபண்ட் கூப்பன் தருவதாக உங்கள் ஆள் சொன்னார், அது வேண்டாம். தம்பியின் மருத்துவமனைச் செலவை முழுதாகத் தாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். உறை வாசகங்கள் குறித்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.க்குத் தனியாக எழுதுகிறேன், அது உங்கள் பதிலுக்குக் காத்திருக்காது.

இணைப்பு: பில் நகல், பழைய மற்றும் புதிய உறைகளின் படங்கள், ரத்தப் பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனை ரசீதுகள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்