பாவைக்கு உன் பழைய சட்டை வேண்டும்

முத்தையன்கட்டு, இடதுகரை
சித்திரை 28

அன்புள்ள மகளுக்கு,

ஜூடோவுக்கு எறிந்து பழக நீ கேட்ட பாவை முடிந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் அம்மா கடைசித் தையலைப் போட்டாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் அரிசி ஆலைத் தராசில் வைத்தோம். 31 கிலோ. நீ 57 கிலோப் பிரிவில் இறங்குகிறாய். உன் பாரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதற்கு மேல் ஏற்ற நான் விடமாட்டேன். போன வருசம் உன் இடது தோள் வீங்கியிருந்தது எனக்கு மறக்கவில்லை.

"சாக்குக்குள் மணலை அடைத்தால் போதும் அப்பா" என்று போனில் சொன்னாய். அதைத்தான் முதலில் செய்தேன். ஒரு லீற்றர் மணலே ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. இடுப்பு வரை நிரப்பினபோதே என்னால் தனியாக அசைக்க முடியவில்லை. நிமிர்த்தினால் மணல் முழுக்கக் காலுக்கு இறங்குகிறது, பிறகு தொடைத் தையலும் பிரிந்தது. இதை முதுகில் ஏற்றி எறியப் போகிறவள் நீ என்று நினைத்ததும் முற்றத்தில் கொட்டிவிட்டேன். அடுத்தது உமி. ஆலையில் சும்மா கிடைக்கும், ஆனால் பாரமே இல்லை. நாலு தரம் விழுத்தினால் அமுங்கிப்போகிறது, எலியும் தேடி வரும்.

கடைசியில் பழந்துணிதான். தம்பியின் பள்ளிக்கூடக் காற்சட்டைகள், என் கிழிந்த சாரங்கள், அப்பம்மாவின் சீலைகள், எல்லாவற்றையும் உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்தோம். முழு உடுப்பாக அடைத்தால் அங்கங்கே திரண்டு நடுவில் பொந்து விழும். பொத்தான், சிப், கொக்கி ஒன்றும் உள்ளே போகக் கூடாது என்று அம்மா விளக்கடியில் இருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். பால்மாப் பேணி அரைவாசி நிறைந்தது. ஒரு பிடி துணி போட்டு உலக்கையால் இடிக்க வேண்டும், பிறகு அடுத்த பிடி. ஒரு காலுக்கே ஒரு பின்னேரம் போனது. அப்பம்மாவின் நீலச் சீலையை மட்டும் அம்மா கிழிக்க விடவில்லை. மெனிக் பாம் அகதி முகாமில் தம்பிக்கு ஏணை கட்டின சீலை அது. மடித்தபடியே பாவையின் நெஞ்சுக்குள் வைத்தாள். "இதைக் கட்டிப் பிடித்துத்தானே பிள்ளை பழகப் போகுது" என்றாள்.

உள்ளே தடியோ பைப்போ வைக்கவில்லை. வைத்தால் நேராக நிற்கும்தான், ஆனால் நீ அதோடு சேர்ந்து விழும்போது விலாவில் குத்தும். பழைய சைக்கிள் ரியூப் ஆறை முறுக்கிக் கழுத்திலிருந்து இடுப்பு வரை விட்டிருக்கிறேன். முதுகு வளையும், விட்டால் நிமிரும். இரண்டு கையையும் ஒரே ரியூப்பில் கோத்து முன்னால் நீட்டினபடி நிற்கவைத்திருக்கிறேன். கை தொங்கிக் கிடந்தால் நீ எப்படிப் பிடித்து, முதுகில் ஏற்றி எறிகிற உன் செயோய் நாகேக்குத் திரும்புவாய்? உடம்புக்கு உரப்பை இரட்டையாக. அது தோலை உரசும் என்று மேலே ஜீன்ஸ் துணி.

உமியும் வீண் போகவில்லை. மாமரத்தடியில் அரை அடிக்குப் பரப்பி, மேலே தறப்பாளை இழுத்து, நாலு பக்கமும் கட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, புழுதி படியும், கூட்டிவிட்டு ஏறு. மிச்ச ரியூப் இரண்டை மரத்தில் கட்டிவிட்டேன், எறியாமல் திரும்பத் திரும்ப நுழைந்து பழகுகிற உன் உச்சிகோமிக்கு. பாவையை மட்டும் நிலத்தில் விட்டுவிட்டு வராதே. எங்கள் மண்ணைத் தெரியும்தானே, கறையான் விடாது. மாட்டுக் கொட்டில் வளையில் கொளுவியிருக்கிறேன். வயலுக்கு வெருளியா என்று போகிற வருகிற ஆட்கள் கேட்கிறார்கள். என் மகள் ஜூடோப் பழக என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுகிறேன்.

ஆனால் பிள்ளை, 1882இல் ஜிகோரோ கானோ தொடங்கின நாளிலிருந்து இது இரண்டு பேர் பிடித்துப் பழகும் வித்தை என்று சொன்னவள் நீதான். பாவை கால் மாற்றாது, தள்ளினால் திருப்பித் தள்ளாது. குசுஷி என்பாயே, ஆளின் நிலையைக் குலைப்பது, அதை இது உனக்குப் பழக்காது. நுழைவது, திரும்புவது, நிலத்தில் அமுக்கிப் பக்கம் மாறுவது, இவற்றுக்கு உதவும். எறிவதை ஒரு நாளைக்கு முப்பதோடு நிறுத்து. தோள் இழுத்தால் அதற்கு முதலே நிறுத்து.

பக்கத்து வளவுப் பிள்ளை ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு பின்னேரமும் கொட்டிலுக்கு வந்து பாவையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள். நல்ல பலம். அவளுக்கு முதலில் விழப் பழக்கு, பிறகு உனக்கும் உயிருள்ள ஆள் ஒன்று கிடைக்கும். தாயோடு கதைத்துவிட்டேன், சரி என்றிருக்கிறா.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிடு. வரும்போது உன் பழைய ஜூடோச் சட்டையைக் கொண்டு வா. கழுத்துப் பட்டி பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அம்மா தைப்பாள். பாவை இப்போது வெறும் ஜீன்ஸ் துணியோடு நிற்கிறது, நீ பிடிக்க அதில் பட்டி இல்லை.

அன்புடன்,
அப்பா