கேமராவைப் போட்டுப் பேசு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, வைக்கிறேன்" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சித்தப்பா வீட்டு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், அப்படியேதான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

பொங்கலுக்கும் நீ வரவில்லை. நான்கு மாதமாக கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். சரி, புனேயில் அப்படியும் இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் ராத்திரி பாப்பாவோடு உட்கார்ந்து கொரியப் படம், தொடர் எல்லாம் பார்க்கிறேன். போன வாரம் 'ட்ரெயின் டு பூசான்' போட்டாள். 2016இல் வந்த படம். அதில் வரும் அப்பா எந்நேரமும் வேலை வேலை என்று இருக்கிறவர். மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வருகிறார். பிள்ளை சந்தோஷப்படவில்லை. திரும்பிப் பார்த்தால் அதே பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. குழந்தைகள் தினத்துக்கு அவரே வாங்கித் தந்தது. அந்த இடத்தில் எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

பாப்பா உடனே அதே நடிகரின் பழைய போட்டோவைப் போனில் காட்டினாள். கோங் யூ. 2007இல் காபிக் கடை முதலாளியாக ஒரு தொடரில் நடித்து ஊரே கொண்டாடியபோது 28 வயது. மறு வருடமே பட்டாளத்துக்குப் போய், 2009 கடைசியில் திரும்பியவர். ரயில் படம் வந்தபோது 37. "இப்பதான்பா இன்னும் அழகு" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பழைய சிரிப்பு போய்விடவில்லை, அதோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அப்பா வேடத்துக்கு அந்த முகம் எவ்வளவு பொருந்துகிறது.

அப்புறம் உன் ஜின், பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுக்காரர். தென் கொரியாவில் ஆண்பிள்ளைக்குப் பட்டாளம் கட்டாயம், தரைப்படையில் 18 மாதம். நாட்டுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டுக்காரர்கள் 30 வயது வரை தள்ளிப்போடலாம் என்று 2020இல் சட்டத்தையே திருத்தினார்கள். 2022 டிசம்பரில் 30 முடிந்த ஒன்பதாம் நாள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போவதற்கு முன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு ஒரு போட்டோ போட்டாராம். அதையும் பாப்பா காட்டினாள். முடி போயும் முகம் முரடாகவில்லை தம்பி, அதே பூப் போன்ற முகம். அந்த முகத்தோடுதான் முகாமில் புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். 2024 ஜூன் 12இல் வெளியே வந்து, மறுநாளே ஆயிரம் ரசிகர்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பவுடர் போட்ட பையன் என்று நான் வாய்க்கு வந்தபடி திட்டியது இவரைத்தான்.

அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நீ பதினொன்றாவது படித்தாய். ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. கண்ணை மறைக்கிற அளவுக்கு முடி வளர்த்திருந்தாய். "பொம்பளைப் பிள்ளை மாதிரி என்னடா இது" என்று வண்டியில் ஏற்றி சலூனுக்குக் கூட்டிப்போனேன். "மெஷின் போடுங்க" என்று நான்தான் சொன்னேன். வெள்ளைத் துணி மேல் கொத்துக் கொத்தாக விழுந்தது. நீ கண்ணாடியில் உன்னைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற என்னைப் பார்த்தாய். அழவும் இல்லை. அன்று விழாவுக்கு நீ போகவில்லை. ஏழு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தை ஆறு பேர் ஆடினார்கள். பையனை நல்வழிப்படுத்திவிட்டேன் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்படி வளர்ந்தால் ஆண்பிள்ளை ஆகமாட்டாய் என்று பயந்தேன். எங்கள் அப்பா எனக்குச் செய்ததை அப்படியே உனக்குச் செய்தேன். உன்னிடம் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லை. தப்புதான் தம்பி. அந்த முகத்தை நான் விட்டிருக்க வேண்டும், அது தானாக வளர்ந்திருக்கும்.

வீட்டுக் கடனை நீ அடைத்ததை இன்றைக்கும் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்ப உனக்கு நேரமில்லையா? தீபாவளிக்கு அனுப்பியதைத்தான் இன்னும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்கிறாள். வேலையில் ஏதாவது என்றால் விட்டுவிட்டு வா, இங்கே சோற்றுக்குக் குறைவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

சித்திரை வந்தால் உனக்கு 25. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவைப் போடு. முடி நீளமாக இருந்தாலும் சரி, கொட்டிப்போயிருந்தாலும் சரி, தாடியாக இருந்தாலும் சரி. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பாப்பாவின் போன் வேண்டாம், அது சின்னது. டிவியில் போடச் சொல்கிறேன்.

அப்பா