பாரம் தூக்கி இடுப்பு போனாலும் அது விபத்துதான்: சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவள அமைச்சு அதிகாரிகளுக்கு வணக்கம்.

சட்டம் போட்டது நீங்க, ரிப்போர்ட் வர்றதும் உங்களுக்குத்தான், அதனால பின்னணியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல. கேக்குறது ஒண்ணுதான். சாரத்துல இருந்து ஒருத்தர் விழுந்தா எப்படி விசாரிக்கிறீங்களோ அதே மாதிரி பாரம் தூக்கும்போது இடுப்பு போனாலும் விசாரிங்க.

எங்க ரூம்ல இருக்குற அண்ணன் ஒருத்தர் போன மாசம் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கடைவீட்டுல டைல்ஸ் ஒட்டுற பசை மூட்டைய மூணாவது மாடிக்கு ஏத்திக்கிட்டிருந்தார், மூட்டை ஒண்ணு 25 கிலோ. படி குறுகல், ரெண்டு பேர் சேர்ந்து புடிக்க வழியில்ல, திரும்புற இடத்துல மூட்டையோட உடம்ப திருப்பியிருக்கார், இடுப்புல சுரீர்னு இழுத்து அப்படியே செவுத்துல சாஞ்சுட்டார். ரத்தம் வரல, எலும்பு முறியல. அதனால யாருக்கும் அது விபத்தா தெரியல.

கிளினிக்குக்கு கூட்டிட்டு போன கம்பெனி ஆள் டாக்டர் ரூமுக்குள்ளயே வந்து நின்னு, இவருக்கு ஊர்லயே இடுப்பு வலி இருந்துச்சுன்னு அவரே சொல்லிட்டார். வலி மாத்திரை, லைட் டியூட்டி, அவ்ளோதான். ஐயா, இவர் மெடிக்கல் டெஸ்ட் பாஸ் பண்ணித்தான வேலை பெர்மிட் வாங்கினார், அப்புறம் இத்தனை வருஷம் இதே கம்பெனிக்குத்தான மூட்டை தூக்குனார், அந்த இடுப்பு ஊர்ல எப்படி போகும்?

அந்த லைட் டியூட்டி எப்படி இருக்குன்னு சொல்றேன். காலையில லோரி பின்னாடி ஏறி பலகைல உக்காந்து சைட்டுக்கு போகணும், ரோட்டுல மேடு வர்றப்பெல்லாம் கம்பிய புடிச்சு உடம்ப கொஞ்சம் தூக்கிக்கிறார், வலது கால் பாதி மரத்துப் போய் கிடக்கு. அங்க போனா ஆணி பொறுக்கு, தரைய கூட்டுன்னு சொல்றாங்க, குனியாம அத எப்படி செய்றது? ராத்திரி மேல் கட்டில்ல ஏற முடியல, தரையில பாய் போட்டு படுக்குறார், எழுந்திருக்க முதல்ல ஒருக்களிச்சு அப்புறம் முழங்கால் போட்டு கட்டில் கால புடிச்சுத்தான் எழுந்திருக்கார். ஷூ லேஸ் நாங்க கட்டி விடுறோம். அவருக்கு இன்னும் நாப்பது வயசு ஆகல.

2020 செப்டம்பர்ல இருந்து வேலையில அடிபட்டு டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்பு) குடுத்தாலும் சரி, வெறும் லைட் டியூட்டி குடுத்தாலும் சரி, முதலாளி உங்களுக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு விதி இருக்கு. நல்ல விதி. ஆனா "பழைய வலி"ன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா அது வேலையில அடிபட்டதே இல்லன்னு ஆயிடுது, அப்புறம் ரிப்போர்ட் எங்க இருந்து வரும்? நாமளே நஷ்டஈடு கேட்டு கிளெய்ம் போடலாம், ஒரு வருஷம் டைம் இருக்குன்னு அவர்கிட்ட சொன்னோம். பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா வேற வேலை செய்ய முடியாம கேஸ் முடியுற வரைக்கும் தங்க மட்டும் விடுற ஸ்பெஷல் பாஸ்ல உக்காந்திருக்கணும், ஊர்ல ஏஜெண்ட் கடன் வட்டி ஏறிக்கிட்டே இருக்கும்னு பயப்படுறார். அந்த பயத்த தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

எல்லா சைட்லயும் முழங்கால மடக்கி தூக்கு, முதுக நேரா வைன்னு படம் ஒட்டி வச்சிருக்காங்க. கடைவீட்டு படியில தோள்ல மூட்டையோட முழங்கால எங்க மடக்குறது? அமெரிக்காவுல நியோஷ்னு ஒரு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் தூக்குற எடைக்கு கணக்கு போட்டு வச்சிருக்கு, பாரம் உடம்ப ஒட்டி, இடுப்பு உயரத்துல, திரும்பாம, நல்ல பிடியோட இருந்தாலே 23 கிலோதான் அதிகபட்சம்னு ஆரம்பிக்குது, தள்ளி புடிச்சா, திரும்பினா, அடிக்கடி தூக்குனா அதுவும் குறையும். நாங்க 25 கிலோவ படியில நாள் பூரா ஏத்துறோம். சில நாள் அவசரம்னு ரெண்டு மூட்டைய ஒண்ணா ஏத்தி விடுறாங்க. படி ஏறுற டிராலி கடையில கிடைக்குது, கயிறு கட்டி இழுக்குற சின்ன வின்ச் கிடைக்குது, எங்க சைட்ல ரெண்டும் இல்ல. ஆள் இருக்கும்போது மெஷின் எதுக்குன்னு சூப்பர்வைசர் எங்க முன்னாடியே கேட்டார்.

இடுப்பு போனவர லோரி பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டு போறதும் எனக்கு மனசு ஆறல. லோரி பயணத்த பத்தி எத்தனையோ வருஷமா எத்தனையோ பேர் எழுதிட்டாங்க, நீங்களும் பதில் சொல்லிட்டீங்க, அத இங்க வளக்கல. கோபத்துல ஏதாவது அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க.

தயவு செஞ்சு இத மட்டும் செய்யுங்க. பாரம் தூக்கி இடுப்பு போனா அதையும் விபத்தா எடுத்து விசாரிங்க. பழைய வலின்னு கம்பெனி சொன்னா அதுக்கு ஆதாரம் கேளுங்க, டாக்டர் ரூமுக்குள்ள கம்பெனி ஆள் நிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லுங்க. சைட் சோதனைக்கு வர்றப்போ ஹெல்மெட், பெல்ட் பாக்குறதோட மூட்டை எப்படி மேல போகுதுன்னும் பாருங்க, சூப்பர்வைசர வெளிய நிக்கச் சொல்லிட்டு எங்கள தமிழ்ல கேளுங்க, நாங்க சொல்றோம்.

இப்படிக்கு,
கட்டுமான ஊழியர் ஒருவர்