கணக்குப் பிரிவு அக்காவுக்கு நன்றி

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை ஒன்றில் பகுதிநேரமாகச் சேர்ந்த எனக்கு, முதலில் கல்லா, பிறகு கிடங்கு, அதன்பின் வாசல் என்று வேலை மாறிக்கொண்டே போனது. ஊழியர் கூட்டங்களுக்கு அழைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். நான் யாரிடமும் முறையிடவில்லை. அக்கா, நீங்களாகவே கவனித்து, என் நேர அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கி, முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் உழைப்பவருக்கும் மலேசியாவின் 2010ஆம் ஆண்டு பகுதிநேர ஊழியர் விதிமுறைகளின்படி சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்று ஒரு தாளில் எழுதி, என் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனீர்கள். அந்தத் துணிவில்தான் என் பணிகளை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெற்றேன். நன்றி சொல்ல வருவதற்குள் நீங்கள் கிள்ளான் கிளைக்கு மாற்றலாகிவிட்டீர்கள். இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால், அந்தத் தாள் இன்னும் என் கைப்பையில் பத்திரமாக இருப்பதை அறிந்துகொள்ளுங்கள், அக்கா.