ஒரே மீட்டரில் ஒன்பது பேர்: மின்கட்டணம் நிர்ணயிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் எரிசக்தி மாற்றம், நீர் உருமாற்ற அமைச்சில் இருப்பவர்களுக்கும், எரிசக்தி ஆணையத்தில் கட்டணக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

கரண்டு பில் ஏறிவிட்டது என்று புலம்பும் கடிதங்கள் உங்களுக்கு ஏராளமாக வந்திருக்கும். இதையும் அந்தக் கட்டில் சேர்த்துவிடாதீர்கள். 2025 ஜூலை 1 முதல் வந்த புதுக் கட்டணத்தை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று இருக்கும் வீட்டுக்கு அது கொஞ்சம் குறைந்துதான் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போன்ற வீடுகளுக்கு வரும்போதுதான் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், மூன்று அறை உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில். மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், எங்கள் பிள்ளைகள் இருவர், கொழுந்தனார், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை. கூட்டுக்குடும்பம் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு இப்படி இருக்கவில்லை. மாமனாருக்கு இதயத்தில் பிரச்சினை வந்த பிறகு அவர்களைத் தோட்டத்தில் தனியாக விட முடியவில்லை, அப்புறம் குறைந்தபட்சச் சம்பளம் 1700 வெள்ளியை (ரிங்கிட்) ஒட்டிச் சம்பாதிக்கிற கொழுந்தனார் இன்றைக்குக் கோலாலம்பூரில் இருக்கிற வாடகைக்குத் தனிக்குடித்தனம் போவதென்பது லேசான காரியமில்லை. செந்தூல், ஜிஞ்சாங், பந்தாய் டாலாம் பக்கம் மக்கள் வீடமைப்பு அடுக்குமாடிகளுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள், இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாகக் கிடைக்கும்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். மின்சாரத்துக்கு 27.03 சென், கொள்திறனுக்கு (மின் நிலையங்களைத் தயாராக வைத்திருக்க) 4.55, கம்பியும் கம்பமுமாகக் கொண்டுவந்து சேர்க்க 12.85, ஆக ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து, சிக்கனமாக இருக்கிற வீடுகளுக்கு ஊக்கத்தொகை என்று ஒன்றைக் கழிக்கிறீர்கள். மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. அது படிப்படியாகக் குறைந்து, 600ஐத் தொடும்போது 9 சென் ஆகி, 1000ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. 600க்கு மேல் போனால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வேறு, அதற்கு மேலுள்ள பயன்பாட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரி வேறு, நிலக்கரியும் எரிவாயுவும் விலை ஏறி இறங்குவதைப் பொறுத்து மாதாமாதம் மாறுகிற எரிபொருள் சரிக்கட்டலும் வேறு. (சில மாதங்களில் அது கழிவாகவும் வந்தது, மறைக்கவில்லை.)

ஒரு நான்கு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தனி வீடு, தனித்தனி மீட்டர், வீட்டுக்கு 200 யூனிட். ஒவ்வொரு வீட்டுக்கும் 38 வெள்ளி 86 சென், நான்கும் சேர்ந்து 155 வெள்ளி சொச்சம். அதே நான்கு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே ஒரே மீட்டரில் அதே 800 யூனிட்டை ஓட்டினால், கழிவு 4 சென்னாகச் சுருங்கி, சில்லறைக் கட்டணமும் சேர்ந்து 333 வெள்ளி, வரி தனி. கரண்டு அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான், பில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். உண்மையில் அந்த நான்கு குடும்பமும் ஒரே குளிர்பெட்டி, ஒரே துணி மெஷின் என்று பகிர்ந்துகொண்டு நாட்டுக்கு மிச்சம்தான் பிடித்துத் தருகிறது. சிக்கனத்துக்கு ஊக்கத்தொகை என்றால் முதலில் அவர்களுக்கல்லவா போக வேண்டும்?

இது உங்கள் புதுக் கட்டணம் மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். பழைய கணக்கில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென் என்று இருந்த காலத்திலும் அந்த மலிவு விலை மீட்டருக்கு ஒரு தடவைதான் கிடைத்தது. ஆனால் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினீர்களே, அந்த நேரத்தில் இதைப் பார்த்திருக்கலாம். பார்க்காததோடு, பழைய கணக்கில் இல்லாத ஒரு பள்ளத்தையும் வெட்டி வைத்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் ஒரு படியைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. இப்போது கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், வரி போன்ற இதர பிடித்தங்கள் நீங்கலாக 600 யூனிட்டுக்கு 212 வெள்ளி 58 சென் கட்டுகிற வீடு 601 ஆனதும் 231 வெள்ளி 95 சென் கட்ட வேண்டும். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளி 37 சென். ஒரு யூனிட் என்பது எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் ஹீட்டர் கால் மணி நேரம் கூடுதலாக ஓடினால் ஆகிவிடுகிற சமாச்சாரம்.

அதனால் பில் தேதிக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் நடக்கிற கூத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் போட்ட பிறகு கைப்பேசியிலேயே அன்றாடக் கணக்கு தெரிகிறது, என் கணவர் காலையில் பல் விளக்கும் முன்பே அதைத்தான் பார்க்கிறார். 570ஐத் தாண்டினால் உத்தரவுகள் கிளம்பும். ஹீட்டர் கைக்குழந்தைக்கு மட்டும். சோறு வெந்ததும் குக்கர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சூட்டில் வைக்கக் கூடாது. ஏர்கோன் இருப்பது ஒரே ஓர் அறையில், குழந்தைக்காகப் போட்டது, ஒரு குதிரைசக்தி, பழைய வகை. இரவெல்லாம் ஓடினால் அது ஒன்றே மாதம் 150 யூனிட்டைத் தின்றுவிடும் என்பதால் அந்த வாரம் நள்ளிரவோடு அணைத்துவிடுவோம். மேல்மாடி வீடு, பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட், இரண்டு மணிக்கெல்லாம் குழந்தை வேர்த்துப் போய் எழுந்து அழும். மாமியார் ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே, தோட்டத்து லயத்தில் இவ்வளவு புழுக்கம் இல்லை என்று ஆரம்பிப்பார். இவ்வளவும் செய்தும் சில மாதம் 612, சில மாதம் 630. 600ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு எல்லாரும் ஹீட்டரில் குளிப்பார்கள். போனது போய்விட்டது, இனி என்ன? இதுதான் உங்கள் சிக்கன ஊக்கம் எங்கள் வீட்டில் வளர்க்கிற பழக்கம்.

நீங்கள் சொல்கிற மாற்று வழிகளையும் பார்த்தாயிற்று. நேரத்துக்கு ஏற்ற கட்டணத் திட்டம் இருக்கிறது, வேலை நாட்களில் பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 வரை ஒரு விலை, மற்ற நேரத்துக்கும் வார இறுதிக்கும் குறைந்த விலை. வித்தியாசம் யூனிட்டுக்கு 4 சென். அரை யூனிட் பிடிக்கிற துணி மெஷினை இரவு 10க்கு மேல் போட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கினால், மிச்சம் 2 சென். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவது, சமைப்பது, விசிறி, விளக்கு, டிவி எல்லாம் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தானே? சூரிய சக்தித் திட்டங்கள் வருகின்றன, போகின்றன, பெயர் மாறுகின்றன, நல்ல திட்டங்கள்தான், ஆனால் அடுக்குமாடியில் இருக்கிறவனுக்குச் சொந்தக் கூரை ஏது.

பரம ஏழைகளுக்கு மாதம் 40 வெள்ளி பில் உதவி கொடுக்கிறீர்கள், அது நியாயம், அதில் கை வைக்காதீர்கள். எங்களுக்கு அது கிடையாது, ஏனென்றால் வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போகிறோம், மூன்று சம்பளத்தையும் கூட்டினால் நாங்கள் வறுமைக்கோட்டுக்கு எவ்வளவோ மேலே. சம்பளத்தைக் கூட்டும்போது எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். கரண்டுக் கழிவு கொடுக்கும்போது மட்டும் ஒன்பது பேரும் ஒரே ஆளாகிவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், வார இறுதியில் மட்டும் வந்து போகிற இரண்டாவது வீடும், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்து குளிர்பெட்டி மட்டும் ஓடுகிற காண்டோவும் 200 யூனிட்டுக்குள் அடங்கி, யூனிட்டுக்கு 25 சென் என்கிற முழுக் கழிவையும் வாங்கிக்கொள்கின்றன. எங்களைப் போன்ற பெரிய வீடுகளுக்குக் கூடுதல் கழிவு கொடுக்கக் காசை எங்கிருந்து எடுப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.

அறை வாடகைக்கு இருப்பவர்கள் நிலைமை எங்களைவிட மோசம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து இங்கே கிடங்கு வேலை பார்க்கிறான். ஒரு தரைவீட்டை ஆறு அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு குட்டி மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 80 சென் வாங்குகிறார் வீட்டுக்காரர். உங்கள் பில்லில் வரியெல்லாம் சேர்த்தாலும் 50 சென்னை ஒட்டித்தான் வரும். அவன் தனி மீட்டரில் இருந்தால் மாதம் 100 யூனிட்டுக்கு 20 வெள்ளிகூடக் கட்ட வேண்டியதில்லை, இப்போது 80 கட்டுகிறான். கேட்டால், இஷ்டமில்லை என்றால் காலி பண்ணு என்று பதில் வரும். வாடகைக் குடியிருப்புக்கு ஒரு சட்டம் வரும் வரும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது வரும்போது வரட்டும், பில்லில் இருக்கிற விலைக்கு மேல் குட்டி மீட்டரில் வாங்கக் கூடாது என்று ஆணையம் இப்போதே உரக்கச் சொல்லி, புகார் வந்தால் ஆளை அனுப்பிப் பார்க்கலாமே.

வீட்டில் இருக்கிற தலைகளை எண்ணிக் கழிவு கொடுப்பது நடக்கிற காரியமா, ஆளாளுக்குப் பொய் சொல்வார்களே என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் கடைசியில் பெட்ரோலுக்கு எப்படிச் செய்தீர்கள்? மைகார்டை, அதாவது அடையாள அட்டையை, தட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 சென், ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு. அதற்கு முந்திய மாதம் 18 வயது ஆன எல்லாருக்கும் அதே மைகார்டில் 100 வெள்ளி சாமான் வாங்கக் கொடுத்தீர்கள். 2024இல் பாடு (PADU) என்கிற தேசியத் தரவுத்தளப் பதிவைத் திறந்து வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று விடாமல் கேட்டீர்கள், நாங்களும் ராத்திரி உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். ஒரு மைகார்டை ஒரு மீட்டரோடு மட்டும்தான் இணைக்கலாம் என்று வைத்தால், இல்லாத ஆளை எப்படிச் சேர்ப்பது? பிள்ளைகளுக்கும் மைகிட் என்கிற அடையாள அட்டை இருக்கிறது.

நான்கு பேர் வரை இப்போதுள்ள படியே இருக்கட்டும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு படியின் வரம்பையும் ஐம்பது யூனிட் தள்ளி வையுங்கள். 50 சரியா, 40 சரியா என்பதை உங்களிடமுள்ள கணக்கர்கள் சொல்லட்டும். இந்தக் கட்டணக் காலம் 2027 வரை ஓடுகிறது என்றும், நடுவில் கை வைக்க முடியாது என்றும் சொன்னால், சரி, அடுத்த காலத்துக்கான வரைவில் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள். அதுவரை அந்த 601வது யூனிட்டையாவது சரிசெய்யுங்கள், அதற்கு யாருடைய தலையையும் எண்ண வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு மருமகள்